கன்னியா: ஏழு வெந்நீர்க் கிணறுகளுக்கு ஒரு பயணம்

விடுமுறை நெருங்கியதும் வீடுதோறும் எழும் கேள்வி ஒன்று உண்டு: இம்முறை எங்கே போவது? பிள்ளைகள் கடலென்பர், பெரியோர் கோயிலென்பர், இல்லத்தரசியாரோ அடுப்படியை இரண்டு நாள் மறந்திருக்கக்கூடிய இடம் எதுவாயினும் சரியென்பர். இம்மூவர் விருப்பமும் ஒருங்கே நிறைவேறும் ஊர் திருகோணமலை. அங்கே கோணேசர் கோயிலில் வழிபட்டு, நிலாவெளிக் கடலிற் கால் நனைத்தவர்கள், எஞ்சிய அரைநாளைக் கன்னியா வெந்நீரூற்றுக்கு ஒதுக்குவது வழக்கம். ஆயினும் அந்த அரைநாள் பெரும்பாலும் முன்னேற்பாடின்றியே கழிகின்றது. நண்பகல் வெயிலிற் போய் இறங்கி, நெருக்கத்தினிடையே நான்கு வாளி நீரை அவசரமாக வார்த்துக்கொண்டு, "இவ்வளவுதானா?" என்று கேட்டபடி திரும்புவோர் பலர்.

சற்றே திட்டமிட்டுச் செல்வோருக்குக் கன்னியா வேறுவிதமாகத் தோன்றும். நிலத்தின் ஆழத்தில் நிகழும் செயலொன்றைக் கையால் தொட்டறியலாம். நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தம் துயரத்தைக் கொண்டுவந்து கரைத்த இடமொன்றையும் காணலாம். அத்தகைய பயணத்திற்குத் துணையாகும் சில குறிப்புகளை இங்கே தருகின்றோம்.

வழியும் பொழுதும்

முதலிற் பெயரைச் சரியாக மனத்திற் கொள்ளுதல் வேண்டும். திருகோணமலை மாவட்டத்திலே கன்னியா என்றும் கிண்ணியா என்றும் இரண்டு ஊர்கள் உள. கிண்ணியாவுக்கு மட்டக்களப்புச் செல்லும் வீதியில், 2009ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நெடும்பாலத்தைக் கடந்து போக வேண்டும். வெந்நீரூற்று உள்ள கன்னியாவோ, நகரிலிருந்து அநுராதபுரம் செல்லும் வீதியில் ஏறக்குறைய 8 கிலோமீற்றர் தூரத்திலே, பெருவீதியை விட்டுப் பிரியும் கிளைவீதியில் அமைந்துள்ளது. பஸ்ஸில் ஏறும்போது ஊர்ப்பெயரை விரைவாக உச்சரிப்பவர்கள் வேறோர் ஊரிற் போய் இறங்க நேரும். "வெந்நீர்க் கிணறு" என்று சேர்த்துச் சொல்லிவிட்டால் நடத்துநருக்கும் ஐயமிராது.

கொழும்பிலிருந்து வருவோர் தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாக ஏறத்தாழ 260 கிலோமீற்றர் பயணம் செய்ய வேண்டும். புகைவண்டியை விரும்புவோருக்குக் கல்ஓயாச் சந்தியிற் பிரிந்து செல்லும் பாதை உண்டு. அது 1927ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. வண்டிகளின் நேரம் மாறுவதுண்டாதலின், முற்கூட்டியே நிலையத்திற் கேட்டறிதல் நலம். யாழ்ப்பாணத்திலிருந்து வருவோர் வவுனியாவிற் பிரிந்து, ஹொரவப்பொத்தானை வழியாக அநுராதபுர வீதியை அடைவர். அவர்களுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. நகரை அடையுமுன்பே கன்னியாச் சந்தி வழியில் வந்துவிடும். ஆதலின் முதல்நாட் பயணத்தின் களைப்பை வெந்நீரிலேயே தீர்த்துக்கொண்டு நகருக்குட் செல்லலாம். 1983 முதல் 2009 வரையான போர்க்காலத்தில் இவ்வழிப் பயணம் நம் குடும்பங்களுக்கு எளிதாக இருக்கவில்லை. அவ்வாண்டுகளில் வளர்ந்தவர்கள் பலர், பெற்றோர் வாயிலாகக் கேட்டறிந்த கன்னியாவைத் தம் பிள்ளைகளுடன்தான் முதன்முதலாகக் காண்கின்றனர்.

காலத்தையும் தெரிந்தெடுக்க வேண்டும். ஐப்பசி தொடங்கித் தை வரையும் வாடைக்காற்றோடு மழை பொழியும். சித்திரையிலிருந்து ஆவணி வரையும் வானம் தெளிந்திருக்கும். ஆனால் கச்சான் காற்று வீசும் நாட்களில் நண்பகல் வெப்பம் தாங்கற்கரிது. வெளியே காற்றும் அனல், உள்ளே நீரும் அனல் என்றால் குளியலில் இன்பமில்லை. எனவே விடியற் பொழுதே ஏற்றது. இளங்காலைக் குளிரிலே கிணற்றின் மேற்பரப்பிலிருந்து மெல்லிய ஆவி எழுவதைச் சில வேளைகளிற் காணலாம். கூட்டமும் அப்போது குறைவு. ஞாயிற்றுக்கிழமை, போயா நாள், பாடசாலைச் சுற்றுலாக்கள் மிகும் நாள் ஆகியவற்றைத் தவிர்க்க முடிந்தால் தவிர்ப்பது நன்று.

எடுத்துச் செல்லவேண்டியவை அதிகமில்லை. ஆளுக்கொரு துவாய், மாற்றுடை, ஆடவருக்குச் சாரம், பெண்களுக்குக் குறுக்குக்கட்டுக்கான சேலை, குடிப்பதற்குக் கொதித்தாறிய நீர், இயலுமாயின் சொந்த வாளியொன்று, இவை போதும். குளித்தபின் பசி நன்றாக எடுக்கும். முதல்நாள் இரவே இடியப்பமோ புட்டோ கட்டித்தரும் இடத்தை விசாரித்து வைத்துக்கொண்டால், பிள்ளைகளின் முகம் வாடாது.

ஏழு கிணறுகள்

கன்னியாவைக் காணாதவர்கள் அங்கே நீர் பொங்கிப் பாயுமென்றும், குளத்திற்போல் இறங்கி நீந்தலாமென்றும் எண்ணுவதுண்டு. அங்கே இருப்பவை சதுரமாகக் கட்டப்பட்ட ஏழு சிறு கிணறுகள். சுற்றுக்கட்டு தாழ்ந்தது, ஆழமும் மூன்று நான்கு அடியளவே. குனிந்து நோக்கினால் அடித்தளம் தெளிவாகத் தெரியும். உள்ளே இறங்குதல் கூடாது. வாளியால் அள்ளி, வெளியே நின்று மேனியில் வார்த்துக்கொள்ள வேண்டும்.

ஏழிலும் வெப்பம் ஒரே அளவினதாக இல்லை. ஒன்று நம் உடல் வெப்பமாகிய 37 பாகை செல்சியசுக்கு அணித்தாக இருக்கும். இன்னொன்று 40 பாகையையும் சற்றே தாண்டும். இளஞ்சூடானதில் தொடங்கி ஒவ்வொன்றாக ஏழிலும் குளித்து முடிப்பது அங்கு வருவோரின் வழக்கம். ஒரு கிணற்றை அடுத்திருக்கும் மற்றொன்று வேறு சூடாக இருப்பதைக் கண்டு வியவாத பிள்ளை இல்லை.

மாணவர்கள் இங்கே ஒரு சிறு ஆராய்ச்சியைச் செய்து பார்க்கலாம். உடல்வெப்பம் பார்க்கும் வெப்பமானி 42 பாகைக்கு மேற் காட்டாது. ஆதலால் பாடசாலை ஆய்வுகூடத்தில் வழங்கும் வகையைக் கொண்டுசெல்ல வேண்டும். அதனைக் கிணற்றினுள் விடாமல், வாளியில் அள்ளிய நீரில் உடனே வைத்துப் பார்த்து, ஏழு கிணறுகளின் அளவையும் வரிசையாகக் குறித்துக்கொள்க. அதற்குமுன், எது மிகுந்த சூடு, எது குறைந்த சூடு என்று கையால் தொட்டு ஒவ்வொருவரும் ஒரு வரிசை எழுதட்டும். பின்பு இரண்டையும் ஒப்பிட்டால், தோலின் தீர்ப்பு எத்துணை நம்பத்தகாதது என்பது விளங்கும். குளிர்நீரில் இருந்த கைக்கு இளஞ்சூடும் கொதிநீராகத் தோன்றும். சுடுநீரில் இருந்த கைக்கு அதே நீர் தண்ணென்றிருக்கும். வீட்டிலே மூன்று பாத்திரங்களில் குளிர்நீர், இளஞ்சூட்டு நீர், சுடுநீர் வைத்து, இரு கைகளையும் ஓரங்களிலுள்ள பாத்திரங்களில் சிறிதுநேரம் வைத்திருந்தபின் நடுவிலுள்ளதில் இட்டுப் பார்ப்போர் இவ்வுண்மையை உடனே உணர்வர்.

நீர் ஏன் சுடுகின்றது?

வெந்நீரூற்று என்றதும் எரிமலை நினைவுக்கு வரும். நமது நாட்டில் எரிமலை இல்லை. இத்தீவின் பெரும்பகுதி ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட பழம்பாறைகளால் ஆனது. அப்படியிருக்க, கன்னியாவின் அடியில் நெருப்பு மூட்டியவர் யார்?

விடை நிலத்தின் ஆழத்தில் உள்ளது. நாம் நிற்கும் தரையிலிருந்து கீழே செல்லச் செல்ல வெப்பம் கூடுகின்றது. பொதுவாக ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் 25 முதல் 30 பாகை வரை உயர்கின்றது. மழைநீரின் ஒரு பகுதி பாறை வெடிப்புகளின் வழியே வெகு ஆழத்திற்கு இறங்குகின்றது, அங்கே சூடேறுகின்றது, பின் வேறொரு வெடிப்பைப் பற்றிக்கொண்டு மேலே வருகின்றது. மெதுவாக ஏறினால் வழியிலேயே ஆறிவிடும். விரைவாக ஏறுவதற்குப் பாதை அமைந்த இடங்களில் மட்டுமே நாம் வெந்நீரைக் காண்கின்றோம். மேற்பரப்பை அண்டிய குளிர்ந்த நிலத்தடி நீர் வழியிற் கலப்பதுமுண்டு. அக்கலப்பு ஓரிடத்தில் மிகுந்தும் ஓரிடத்திற் குறைந்தும் நிகழுமாயின், அண்டை அண்டையான கிணறுகளும் வெவ்வேறு சூடு காட்டும்.

கணக்கில் ஆர்வமுள்ள பிள்ளைகள் ஒரு மதிப்பீடு செய்து பார்க்கட்டும். அப்பகுதிச் சாதாரணக் கிணற்றுநீர் 28 பாகையென்றும், வெந்நீர் 42 பாகையென்றும் கொள்வோம். வேறுபாடு 14 பாகை. கிலோமீற்றருக்கு 28 பாகை வீதம் உயர்வதாகக் கொண்டால், அந்நீர் குறைந்தது அரைக் கிலோமீற்றராவது கீழே சென்று வந்திருக்க வேண்டும். ஏறும் வழியில் இழந்த வெப்பத்தையும் நினைவிற் கொண்டால், உண்மை ஆழம் இதனினும் மிகுதி. நாம் ஒரு வாளியில் அள்ளும் நீர் அத்துணை நெடிய வழியைக் கடந்து வந்ததாகும்.

கன்னியா தனித்த அதிசயமன்று. அம்பாறை மாவட்டத்து மஹாஓயா, அம்பாந்தோட்டை மாவட்டத்து மஹபெலஸ்ஸ, பொலன்னறுவைப் பக்கத்து நெலும்வெவ முதலிய இடங்களிலும் வெந்நீரூற்றுகள் உள. மஹாஓயாவின் நீர் 50 பாகையையும் தாண்டும். ஆறவிடாமல் மேனியில் வார்க்க இயலாது. தேசப்படத்தில் இவ்விடங்களைக் குறித்துக் கோடிட்டுப் பார்த்தால், அவை தீவின் கிழக்குப் புறத்தைத் தழுவி, வடக்கிலிருந்து தெற்கே ஒரு வளைந்த வரிசையாக அமைவதைக் காணலாம். மத்திய மலைநாட்டைத் தாங்கும் பாறைத் தொகுதியும், கிழக்குத் தாழ்நிலத்தின் பாறைத் தொகுதியும் சந்திக்கும் எல்லையை அவ்வரிசை ஒட்டிச் செல்கின்றது.

தாய்க்காக எழுந்த ஊற்று

அறிவியல் இவ்வாறு கூற, நம் மரபு வேறொரு கதையைச் சொல்கின்றது. இலங்கை வேந்தன் இராவணன், தன் தாயாரின் வழிபாட்டிற்காகக் கோணமாமலையைப் பெயர்த்துச் செல்ல முயன்றானென்றும், அம்முயற்சியில் அவன் வாள் பட்ட பிளவே இன்று கோணேசர் கோயிலருகே "இராவணன் வெட்டு" என வழங்குவதென்றும் ஊரார் கூறுவர். அவனைத் தடுக்க எண்ணிய திருமால் முதியவர் வடிவிற் தோன்றி, "உன் அன்னை இறந்தாள்" என்றுரைத்து, ஈமக்கடன் செய்தற்குரிய இடமாகக் கன்னியாவைக் காட்டினாராம். அங்கே கோலால் ஊன்றிய ஏழிடங்களிலும் வெந்நீர் பொங்கிற்றாம். இராவணனே தன் வாளால் நிலத்தைக் குத்தினான் என்று சொல்வோரும் உளர். எவ்வாறு சொன்னாலும், ஒரு மகன் தாய்க்குச் செய்த கடனே கதையின் உயிர்.

அக்கதையின் வழியே இன்றும் மக்கள் வருகின்றனர். திருகோணமலைப் பகுதிச் சைவக் குடும்பங்கள் பல, அந்தியேட்டிக் கிரியைகளை இங்கு வந்து நிறைவேற்றுகின்றன. தந்தையரை நினைந்து ஆடி அமாவாசையிலும், தாயரை நினைந்து சித்திராப் பௌர்ணமியிலும் நோற்பது நம் வழக்கம். யாழ்ப்பாணத்தாருக்குக் கீரிமலை எவ்வாறோ, இப்பகுதியாருக்குக் கன்னியா அவ்வாறு.

உல்லாசப் பயணம் செல்வோர் இதனை மறந்துவிடலாகாது. ஒருமுறை நாம் சென்றிருந்த காலைவேளை, ஒரு குடும்பம் தாயாரின் முப்பத்தோராம் நாட் கிரியையை முடித்துக்கொண்டு ஒரு கிணற்றருகே வந்து நின்றது. அடுத்த கிணற்றிலே பாடசாலைச் சிறுவர் கூட்டமொன்று நீரை வாரியிறைத்துக் கூச்சலிட்டுக் கொண்டிருந்தது. உடன் வந்த ஆசிரியர் பதறிப்போய்ப் பிள்ளைகளை அதட்டினார். ஈரவேட்டியோடு நின்ற மூத்த மகன் அவரைக் கையமர்த்தி, "இருக்கட்டும் மாஸ்ரர், பிள்ளையள் விளையாடட்டும். அம்மாவுக்கும் பிள்ளையளின்ர சத்தம் எண்டால் நல்ல விருப்பம்" என்றார். ஆசிரியர் ஒன்றும் பேசவில்லை. அதட்டலுக்கு அடங்காத சிறுவர்கள் அச்சொல்லைக் கேட்டதும் ஒருவர் பின் ஒருவராக வாளியை வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார்கள். அக்குடும்பத்தார் ஏழு கிணற்றிலும் நீராடி முடியும்வரை அவர்கள் அசையவில்லை.

அந்தச் சிறுவர்களிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டிய ஒழுங்கு எளியது. துயரோடு வந்தவர்களைக் கண்டால், கிணற்றை முதலில் அவர்களுக்கு விடுக. அவர்களைப் புகைப்படம் எடுக்காதீர். ஒலிபெருக்கியும் பாட்டும் வேண்டாம்.

யாருடைய இடம்?

கன்னியாவின் உரிமை பற்றி அண்மைக் காலத்தில் எழுந்த வழக்கையும் பிள்ளைகளுக்கு மறைக்க வேண்டியதில்லை. இவ்வூற்றும் அதன் சூழலும் 2011ஆம் ஆண்டிலே தொல்லியல் இடமாக அறிவிக்கப்பட்டன. அங்குள்ள பழைய இடிபாடுகள் பௌத்தச் சின்னங்கள் என்று ஒரு சாராரும், அவ்விடத்தில் பிள்ளையார் கோயில் இருந்ததென்றும் வழிவழியாகத் தாம் கிரியை செய்துவரும் இடமென்றும் சைவ மக்களும் கூறினர். 2019ஆம் ஆண்டில் இப்பிணக்கு திருகோணமலையில் நீதிமன்றத்தின் முன் சென்றது. தாய்க்கு நீர்க்கடன் செய்ய வரும் ஒரு மகனுக்கு, அவ்விடத்தில் தனக்கு நாளையும் இடமுண்டா என்ற ஐயம் எழுவது சிறிய வேதனையன்று.

இதனைச் சிந்திப்போர், அதே பயணத்தில் வெல்கம் விகாரையையும் கண்டுவருவது பயனுடைத்து. கன்னியாவிலிருந்து வெகுதூரமில்லாத அப்பழைய பௌத்தப் பள்ளியை, அங்குள்ள சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் "இராசராசப் பெரும்பள்ளி" என்று குறிப்பிடுகின்றன. சைவப் பேரரசன் ஒருவனின் பெயர் தாங்கிய பௌத்தப் பள்ளிக்குத் தமிழிலே கொடை எழுதிவைத்த மக்கள் பதினோராம் நூற்றாண்டில் இம்மாவட்டத்தில் வாழ்ந்தனர். பழமை என்பது ஒருவருக்குக் கொடுத்து மற்றவரிடமிருந்து பறிக்கும் பத்திரமன்று என்பதற்கு அக்கற்களே சான்று.

சில எச்சரிக்கைகள்

வெந்நீர் இதமானது, மருந்தெனக் கொள்ளற்க. இறுகிய தசைக்கும் மூட்டுக்கும் சூடு சிறிது ஆறுதல் தரும். நோய் தீருமென்ற நம்பிக்கையில் வைத்தியரின் மருந்தை நிறுத்துவது தகாது. சூட்டினால் இரத்தக் குழாய்கள் விரிந்து இரத்த அழுத்தம் தாழக்கூடும். ஆதலின் இருதய நோயாளரும், கர்ப்பிணிகளும், மிக முதியோரும் இளஞ்சூட்டுக் கிணற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். குழந்தைகளின் தோல் மென்மையானது. முதலில் உங்கள் கையில் ஊற்றிப் பார்த்துப் பின்னர் காலில் தொடங்கி வார்க்க. எவரும் அந்நீரைக் குடித்தலும், மூக்கினுள் ஏற்றிக்கொள்ளுதலும் கூடாது. சவர்க்காரமும் எண்ணெயும் கிணற்றருகே வேண்டாம். அழுக்கு நீர் மீண்டும் கிணற்றில் விழாதபடி சற்றுத் தள்ளி நின்று வார்த்துக்கொள்க. நனைந்த கற்றளம் வழுக்குமாதலால் முதியோரைக் கைப்பிடித்து நடத்துக.

குளியலுக்கு ஒரு மணிநேரம் போதும். காலையிற் கன்னியா, முற்பகலில் வெல்கம் விகாரை, மாலையிற் கோணேசர் கோயில் என ஒரு நாளை வகுக்கலாம். திருஞானசம்பந்தர் தேவாரப் பதிகம் பெற்ற அத்தலத்தில், கடல்மேல் உயர்ந்த பாறையிலிருந்து மாலைப் பூசை காண்பது தனி அனுபவம். மறுநாள் நிலாவெளிக்கும், 2003ஆம் ஆண்டில் தேசிய பூங்காவாக்கப்பட்ட புறாத்தீவுக்கும் உரியதாகட்டும்.

கடைசியாக ஒன்று கூறுவோம். தாய் இறந்தபின் மகன் செய்த கடனை வைத்தே கன்னியாவின் கதை எழுந்தது. தாயார் உயிரோடிருக்கும் பேறு பெற்றவர்கள் அந்நாள்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வரும் விடுமுறையில் வண்டியில் அவருக்குச் சன்னலோர இருக்கையை ஒதுக்குங்கள். இளங்காலையில் மெல்லக் கைப்பிடித்து அழைத்துச் சென்று கிணற்றருகே ஒரு சிறு முக்காலியில் இருத்துங்கள். சிறுவயதில் உங்களுக்குச் சுடுநீர் விளாவி, சூடு பார்த்து வார்த்த கைகளுக்கு, இளஞ்சூட்டுக் கிணற்று நீரை நீங்கள் சூடு பார்த்து வார்த்துவிடுங்கள்.